பிடித்து வைத்த உப்பு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எங்களுக்கு ஆண்டுக்கொரு முறை உடல் தகுதிச் சோதனை உண்டு. கண், காது, மூச்சு, ரத்த அழுத்தம். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் மேலே ஏற விடமாட்டார்கள். அது நியாயந்தான். லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டியை அந்தரத்தில் தூக்கி வைத்திருக்கும்போது ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றினால், கீழே நிற்கிறவன் கதி என்ன ஆவது? இந்த நியாயத்தை நானே புதிதாக வந்த பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்று சொன்னபோதுதான் அதே நியாயம் எனக்குக் கசந்தது.

துறைமுக மருத்துவமனையின் டாக்டரம்மா அளவுக்கு மீறிப் பேசுகிறவர் அல்ல. கையில் சுற்றிய பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இப்போதைக்கு எல்லைக்கோட்டுல நிக்குது. மூணு மாசம் ஓட்டிக்கலாம். மாத்திரை தர்றேன், உப்பை விட்டுடுங்க. அதுக்குள்ள இறங்கலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க கீழ இறங்கிட வேண்டியதுதான்."

கீழே இறங்குவது என்றால் வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிகளின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நிழலான வேலை. கேட்பவர்கள் பாக்கியம் என்பார்கள். ஆனால் எனக்குப் பேச்சு வராது, கூட்டத்தில் நின்றால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. மேலே அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நான் வேறு ஆள். காற்றில் ஆடுகிற பெட்டியின் ஆட்டத்தை அடக்கி, கப்பல் தளத்தில் சத்தமில்லாமல் உட்கார வைப்பேன். அந்த இருக்கை போனால் எனக்கு மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி அழவில்லை, பதறவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "இனிமே உங்க சாப்பாடு என் பொறுப்பு" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் தவறாமல் ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்த காலத்தில், அக்காவுக்குச் சமைத்துப் போட்டவள் இவள்தான். அக்கா போய்ச் சேரும்வரை பல வருடம் பத்தியச் சமையல். அதனால் சிறுநீரகம், உப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஒரே குடும்பம், அதற்கு மருந்தும் ஒரே சமையல் என்பது அவள் மனதில் ஊறிப்போன விஷயம். காய்களைப் பொடியாக நறுக்குவாள். வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுவாள். பிறகு பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டுவாள். பருப்பு, கீரை, பழம் எதுவும் என் தட்டுக்கு வரவில்லை. உப்பு ஜாடியைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை வளையலோடு கோத்துக்கொண்டாள். தட்டில் விழுந்தது எதுவாக இருந்தாலும் ஈரத்துணியை மென்றதுபோல இருந்தது. இருக்கை ஞாபகம் வரும், மென்று விழுங்குவேன்.

முதல் மாதம் போய்க் காட்டினேன். அழுத்தம் இறங்கவில்லை.

"உப்பை விட்டாச்சா?" என்றார் டாக்டரம்மா.

"சுத்தமா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

இரண்டாம் மாதம் கொஞ்சம் ஏறியே இருந்தது. இந்த முறை மனைவியும் கூட வந்திருந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் நாற்பது வருட நாணயமும் ஒரு நிமிடத்தில் கரைந்துபோனது எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து வேட்டை தொடங்கியது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையை வாங்கித் துவைக்கப் போடுவதுபோலப் பைகளைத் துழாவுவாள். விரல் நுனியை முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு வறுத்த கடலைத் தோலை எடுத்து, நெற்றிப்பொட்டு அளவுதான் இருக்கும், என் கண் முன்னால் நீட்டினாள்.

"இது என்னது?"

"கொக்கி தின்னது. பக்கத்துல உக்காந்திருந்தேன், ஒட்டிக்கிச்சு."

"அவரு தின்னா உங்க பைக்குள்ள எப்படி வரும்? நடந்து வருமா?"

கொக்கி என்பது என் கிரேனுக்குக் கீழே நின்று பெட்டிகளில் கொக்கி மாட்டுகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர். எந்நேரமும் உப்புக்கடலை மெல்லுகிற வாய். மறுநாள் அவனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போனால் அவன் சிரிக்காமல் கடலைப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அண்ணே, என் பக்கத்துல உக்காராதீங்க. அப்புறம் நான் பதில் சொல்லணும்."

"யாருக்குடா பதில் சொல்லணும்?"

அவன் வானத்தைப் பார்த்தான். பிறகு பூட்ஸைப் பார்த்தான். "அண்ணிதான் போன் பண்ணாங்க. நீங்க மத்தியானம் என்ன தின்னீங்கன்னு தினமும் கேக்குறாங்க. நான் உள்ளதைத்தான் சொல்றேன். ஆனா அவங்க நான் உங்களுக்காகப் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் அடி."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே வேறொரு எண்ணமும் வந்தது. நான் உப்பைத் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். மாத்திரையைத் தவறவிட்டதும் இல்லை. அப்படியும் அழுத்தம் ஏறுகிறது என்றால் உப்பு வேறு எந்த வழியாக உள்ளே போகிறது? என் வாய்க்குள் போவதெல்லாம் ஒருத்தி கையால் வருவதுதான். நான் சாப்பிடமுடியாமல் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு மனசு இளகி, ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கிறாளோ? சாவி அவளிடந்தானே இருக்கிறது? இந்த எண்ணம் வந்தபின் என்னால் கூண்டில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கொடியில் துணி போடப் போன நேரம் பார்த்துச் சமையலறைக்குள் நுழைந்தேன். அடுப்பில் காய் வெந்துகொண்டிருந்தது. கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஊதி நாக்கில் வைத்தேன். உப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இரண்டு மாதம் உப்பில்லாமல் கிடந்த நாக்கு எதைச் சொன்னாலும் நம்புவதற்கில்லை. இன்னொரு கரண்டி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் வாசற்படியில் நின்றாள். கையில் ஈரத்துணி.

"தேடுறது கிடைச்சுதா?" என்றாள்.

"நான் உப்பு எடுக்க வரலை."

"வேற எதுக்குக் கரண்டியை நக்கிட்டு நிக்கிறீங்க?"

"நீ போடுறியான்னு பாக்க வந்தேன்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. துணியைக் கீழே போட்டாள்.

"நானா? உங்களுக்கா? என் அக்காவுக்கு ஒரு துளி கூடாம பார்த்தவ நான். எனக்கே இந்தப் பேரா?"

"நான் பைக்குள்ள கடலை வச்சிருக்கேன்னு நீ சொல்லலாம், நான் மட்டும் ஒண்ணும் கேக்கக் கூடாதா?"

அன்று முழுக்கப் பேச்சில்லை. மறுநாள் காலையில் அவளே என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "டாக்டரம்மாகிட்டப் போவோம். யார் திருடன்னு அவங்க சொல்லட்டும்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

இருவரும் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கேனைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"ஒரு நாள் முழுக்கப் போற சிறுநீரை இதுல பிடிச்சுட்டு வாங்க. ஒரு சொட்டு விடாம. சாப்பிட்ட உப்பு எவ்வளவுன்னு அதுலயே தெரிஞ்சிடும். பொய் சொல்ல முடியாது. ரத்தமும் குடுத்துட்டுப் போங்க."

கேனோடு வேலைக்குப் போகிறவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பையில் மறைத்து மேலே ஏறினேன். கீழேயிருந்து வாக்கி-டாக்கியில் கொக்கியின் குரல் வந்தது.

"அண்ணே, அண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க. ஜாக்கிரதை. எதையாவது சிந்திடாதீங்க, நேர் கீழ நான்தான் நிக்கிறேன்."

துறைமுகம் முழுக்க அந்த அலைவரிசையில்தான் இருந்தது. அன்று எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் என் கூண்டைக் கை காட்டிச் சிரித்தார்கள்.

வீட்டில் அவள் கழிப்பறை வாசலில் காவல் நின்றாள். "குழாய்த் தண்ணியை ஊத்தி நிரப்பிட்டா?" என்று அவளுக்குப் பயம். அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில் எதையாவது கலந்துவிட்டால் என்று எனக்குப் பயம். கடைசியில் இருவரும் சேர்ந்தே போய் ஒப்படைத்தோம்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார். என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "எவ்வளவு தின்னிருக்காரு?"

"ரொம்பக் கொஞ்சம். இவ்வளவு கம்மியா நான் யார்கிட்டயும் பார்த்ததில்ல. அவரும் திங்கல, நீங்களும் போடல."

"தண்ணி கலந்திருந்தா?"

"கலந்தாலும் மொத்த உப்பு மாறாதும்மா. பாதியைக் கொட்டியிருந்தாத்தான் கொறையும். கொட்டியிருந்தா தசையிலேருந்து வர்ற கழிவும் கூடவே கொறையும். அது கொறையல. முழுசாப் பிடிச்சுட்டு வந்திருக்காரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் விடவில்லை.

"தின்னுட்டு வெளிய போகாம உள்ளயே நின்னிருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நல்ல கேள்வி. அப்படி நிறையத் தின்னு மாசக்கணக்குல உள்ள வச்சிருந்தா கால் ஊதியிருக்கும், எடை ஏறியிருக்கும். அப்படி இல்ல. ஆனா நீங்க கேட்டதுல பாதி உண்மை. இவரோட சிறுநீரகம் உப்பை விட மாட்டேங்குது. அது ஏன்னுதான் பாக்குறேன்." தாளில் இன்னொரு எண்ணின்மேல் விரல் வைத்தார். "இது பொட்டாசியம். ரத்தத்துல கீழ போயிருக்கு. சிறுநீர்லயும் கிட்டத்தட்ட இல்ல. சிறுநீர்ல நிறையப் போயிருந்தா உடம்பு தப்பு பண்ணுதுன்னு சொல்லுவேன். இங்க ரெண்டு இடத்துலயும் இல்லேன்னா, உள்ளயே வரலைன்னுதான் அர்த்தம். இவரு காய், பழம் எதுவும் திங்கிறதில்லையா?"

"காய் தினமும் உண்டு டாக்டரம்மா" என்று அவள் தன் சமையலை ஒன்றுவிடாமல் சொன்னாள். நறுக்குவது, ஊறவைப்பது, கொட்டுவது, வேகவைப்பது, மறுபடி கொட்டுவது. குரலில் பெருமை இருந்தது. சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இது சிறுநீரகம் கெட்டவங்களுக்கான சமையல். யாருக்குச் செஞ்சு பழகினீங்க?"

"என் அக்காவுக்கு."

"அவங்களுக்குப் பொட்டாசியத்தை வெளிய தள்ள முடியாது, சேர்ந்தா ஆபத்து. அதனால தண்ணியோட கொட்டச் சொல்லியிருப்பாங்க. இவருக்குச் சிறுநீரகம் நல்லாத்தான் இருக்கு."

பிறகு எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது உப்பையெல்லாம் முதலில் வெளியே விட்டுவிடுமாம். அப்புறம் மெல்லிய குழாய்களின் வழியே அது ஓடும்போது, தேவையானதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். இழுப்பதற்கென்றே குழாய்ச் சுவரில் புரதங்கள் இருக்கின்றன, இடத்துக்கு ஒரு வகை. குழாயின் பின்பகுதியில் ஒரு வகை உப்பைச் சோடியமும் குளோரைடுமாகச் சேர்த்தே தூக்கி உள்ளே போடும். அதையும் தாண்டிப்போகிற சோடியத்தை அடுத்த இடத்தில் இருக்கிறவை எடுத்துக்கொள்ளும், ஆனால் அங்கே சோடியம் உள்ளே வந்தால் பதிலுக்குப் பொட்டாசியம் வெளியே போய்விடும்.

"ரத்தத்துல பொட்டாசியம் கொறைஞ்சா உடம்பு பயந்துடும். அதை இழக்கக் கூடாதுன்னு, உப்பைச் சேர்த்தே தூக்குற அந்த முதல் புரதத்தை முடுக்கி விடும். அது வர்ற உப்பையெல்லாம் அங்கயே தூக்கிடும். அடுத்த இடத்துக்குப் போக ஒண்ணும் இருக்காது, பொட்டாசியமும் தப்பிக்கும். ஆனா உப்பு உள்ள மாட்டிக்கும். அப்புறம் அழுத்தத்தை ஏத்தி ஏத்தித்தான் சிறுநீரகம் மிச்ச உப்பை வெளிய தள்ளும். நீங்க உப்பைக் கொறைச்சீங்க, அதைவிட அதிகமா பொட்டாசியத்தைக் கொறைச்சீங்க. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முதல்ல இதைச் சரி பண்ணிப் பார்ப்போம். தண்ணியைக் கொட்டாதீங்க. பருப்பு, கீரை, வாழைப்பழம் குடுங்க."

நான் அவளைப் பார்த்தேன். ஜெயித்தவன் முகம் என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடலைத் தோலை நீட்டியபோது என்னைப் பார்த்த அதே கண்ணால்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது சொன்னாள். "எனக்கு அவங்க மேல நம்பிக்கை இல்ல."

"என்ன பேசுற நீ?"

"அக்காவுக்கு வாழைப்பழம் விஷம்னு இதே மாதிரி மேசைக்குப் பின்னாடி உக்காந்துதான் ஒருத்தர் சொன்னாரு. ஒரு நாள் நான் இல்லாத நேரம் பார்த்து ஒரு ஆரஞ்சு ஜூஸ் குடிச்சுட்டா. 'நான் தொடவே இல்லடி'ன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணா. சாயங்காலம் நெஞ்சு துடிப்பு தப்பிப்போய் தூக்கிட்டு ஓடினோம்." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அதுக்கப்புறம் நான் யார் சத்தியத்தையும் நம்புறதில்ல."

இத்தனை வருடத்தில் இதை என்னிடம் அவள் சொன்னதில்லை. பைகளைத் துழாவிய அந்தக் கைகள் எங்கே பழகின என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் சோதனைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அவள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் நான் வாயிலில் போய் உட்கார வேண்டியதுதான். துறைமுகத்திலேயே பழம் வாங்கி ஒளித்துத் தின்னலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே கூசியது. இதுவரை செய்யாத திருட்டை, குற்றமற்றவன் என்று தீர்ப்பு வந்தபிறகு செய்வதா?

"நீ செஞ்சு குடு. நீ குடுக்கலேன்னா நான் திங்க மாட்டேன். ஒளிச்சும் திங்க மாட்டேன்" என்றேன். சத்தியம் எதுவும் செய்யவில்லை.

அடுத்த நாள் கீரையும் பருப்பும் வேகவைத்தாள். வெந்ததும் பழக்கத்தில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். சாய்த்தாள். பிறகு நிமிர்த்தினாள். தண்ணீர் உள்ளே அலைந்தது.

"கொஞ்சம் மட்டும் கொட்டிக்கட்டுமா?"

நான் தட்டை முன்னால் இழுத்து வைத்தேன். அவள் கொண்டுவந்து அப்படியே என் தட்டில் ஊற்றினாள். நான் சாப்பிடச் சாப்பிட எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். ஒரு பழத்தை உரித்து, பாதியை உடைத்து, அந்தப் பாதியையும் யோசித்துத்தான் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டேன் என்றாள். நாடி சீராக இருக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, கை மரத்துப்போகிறதா என்று மாலை முழுக்கக் கேள்வி. இடது கை அவளிடம் இருந்ததால் ஒற்றைக் கையால்தான் தேநீர் குடித்தேன்.

"ஏதாவது பண்ணா மறைக்காம சொல்லணும்" என்றாள்.

"பண்ணலை."

"பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லுங்க. அவசரமா சொல்லாதீங்க."

முதல் வாரம் அப்படித்தான் போனது. டாக்டரம்மா சொல்லியிருந்த அந்த வார ரத்தப் பரிசோதனைக்கு அவளும் வந்து, எண்ணைத் தானே வாசித்துப் பார்த்தபிறகுதான் முழுப் பழம் கிடைத்தது.

தகுதிச் சோதனைக்கு அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் எதிரே நின்றால் எனக்கு இல்லாத அழுத்தமும் வரும். முதல் தடவை எண் கொஞ்சம் எக்கித்தான் நின்றது. டாக்டரம்மா என்னை ஒரு ஓரமாக உட்காரவைத்து, பேசாமல் மூச்சு விடச் சொன்னார். மறுபடி பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "மாத்திரையை விட்டுடாதீங்க. உப்பையும் திரும்ப ஆரம்பிச்சிடாதீங்க" என்றார்.

அங்கேயே நின்று வீட்டுக்கு போன் போட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"எவ்வளவு இருந்துச்சு?"

சொன்னேன்.

"டாக்டரம்மாகிட்டக் குடுங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"குடுங்கன்னா குடுங்க."

டாக்டரம்மா போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "ம்... ஆமா... ஆமா, சரியாத்தான் சொல்லியிருக்காரு. ரத்தத்துலயும் ஏறியிருக்கு. இல்லல்ல, அளவுக்குள்ளதான்." பிறகு குரல் தாழ்ந்தது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மறுபடி ஏதோ சொன்னார். போன் என் கைக்கு வந்தபோது அந்தப் பக்கம் வைத்துவிட்டிருந்தாள்.

"என்ன சொன்னா?"

"அது எங்களுக்குள்ள இருக்கட்டும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

கிரேன் அடியில் கொக்கி காத்திருந்தான். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "ஏறுங்கண்ணே, எல்லாம் கேள்விப்பட்டேன்" என்றான்.

"யார் சொன்னா?"

"அண்ணி இப்பத்தான் பேசினாங்க."

"வேற என்ன சொன்னா?"

"சும்மாதான்" என்று ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டான்.

மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்குக் கீழே கப்பல் திறந்து கிடந்தது. கொக்கி முதல் பெட்டியை மாட்டிவிட்டு, தூக்கலாம் என்று கை காட்டினான். சைகை முறைப்படிதான் இருந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்புக்குத்தான் எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை. என்னைப் பற்றி இனி அவளிடம் எதையெல்லாம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறானோ.